மாத்திரை வேளை தவறாமல் இருக்க ஒரு கருவி: எதைச் செய்வது, எதை விடுவது?

வீட்டில் பெரியவர்களுக்குச் சுகர், பிரஷர், தைராய்டு என்று நாளைக்கு ஆறேழு மாத்திரைகள். பிள்ளைகள் இருப்பது பெங்களூரிலோ துபாயிலோ. மாத்திரையை நேரத்துக்கு எடுக்க வைக்கும் கருவி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று மின்னணு தெரிந்த யாருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றிவிடும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கும் மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு இது. முதலில் மனதில் வரும் வடிவமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மணி அடித்ததும் மோட்டார் சுற்றி, மாத்திரையைத் தானாகக் கீழே தள்ளும் பெட்டி.

பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை என்பது என் கருத்து. மூடி திறந்ததா இல்லையா என்று மட்டும் தெரிந்துகொள்ளும் ஒரு வாரப் பெட்டி, அதோடு சேர்த்து வேளை தவறினால் விசாரிக்க ஒரு ஆள். இதுதான் அதிகப் பலன் தரும். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

நாள்பட்ட நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மீதிப் பேர் ஏன் எடுப்பதில்லை என்பதில்தான் கருவி செய்பவருக்கு வேலை இருக்கிறது. சிலர் மறக்கிறார்கள். சிலருக்குக் குழப்பம்: வெள்ளை மாத்திரைகள் மூன்று, எது காலைக்கு, எது ராத்திரிக்கு? சிலர் போட்டோமா இல்லையா என்று நினைவில்லாமல் இரண்டாவது முறை போட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மாத்திரை போட்டால் தலைசுற்றல், அதனால் தெரிந்தே விடுகிறார்கள். இன்னும் சிலருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கப் போக முடியவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தக் கடைசிச் சிக்கலைத்தான் குறிவைத்தது. சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. இப்படி மாத்திரை கைக்கு வராதவருக்கும், தெரிந்தே விடுபவருக்கும் எந்த அலாரமும் உதவாது. மறதி, குழப்பம், இரட்டை மாத்திரை ஆகிய மூன்றுக்கும்தான் கருவி. உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் சாலிடரிங் அயனைச் சூடாக்க வேண்டாம்.

இதைச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்தைச் சரியாக எடுக்காத 53,480 பேரைப் பிரித்து, சிலருக்கு மாத்திரைப் பெட்டி, சிலருக்கு நேரம் காட்டும் மூடி, சிலருக்குக் கிழமை குறிக்கும் பட்டை என்று தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. எதுவும் பெறாதவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்றுமே மலிவான, எளிய பொருட்கள். யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் அனுப்பப்பட்டவை. பயன்படுத்தினார்களா என்று தொடர்ந்து பார்க்கவும் ஆள் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சீனாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசநோயாளிகளிடம் நடந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. அங்கே எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களிடம் முன்னேற்றம் இல்லை. ஆனால், ஒலி எழுப்பி, திறந்த நேரத்தையும் பதிவு செய்யும் பெட்டி பெற்றவர்கள் மருந்தைத் தவறவிடுவது கணிசமாகக் குறைந்தது. மாதம் ஒருமுறை மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்தார், நிறைய தவறவிட்டவரைக் கூடுதலாகக் கவனித்தார். பெட்டியின் பதிவை ஒருவர் பார்க்கிறார், பார்த்து ஏதோ செய்கிறார் என்பதுதான் இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே எனக்குத் தெரியும் பெரிய வேறுபாடு. நம் கருவியையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோட வேண்டும்: வேளை தவறியது யாருக்குத் தெரியும், தெரிந்ததும் அவர் என்ன செய்வார்?

சரி, வழிகளுக்கு வருவோம்.

செல்போன் ஆப் செலவில்லாதது, இன்றே தொடங்கலாம். எப்போதும் கையில் போனோடு இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அது போதும். எழுபது வயதில் போன் சார்ஜில் கிடக்கும், அல்லது சைலண்டில் இருக்கும். அலாரத்தை நிறுத்திவிட்டு மாத்திரை எடுக்க எழுந்து போவதற்குள் வேறு வேலை குறுக்கே வந்துவிடும். 'எடுத்துவிட்டேன்' பொத்தானை அழுத்துவதும் மாத்திரையை எடுப்பதும் தனித்தனிச் செயல்கள். பெரியவருக்கான முதன்மைக் கருவியாக ஆப்பை நான் சொல்லமாட்டேன்.

மின்சாரமே இல்லாத வாரப் பெட்டியை அப்படி ஒதுக்க முடியாது. ஏழு நாள், நாளைக்கு நான்கு அறை. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், மனைவியின் கருத்தடை மாத்திரை கணக்குத் தப்பாமல் இருக்க 1962-இல் நாள் குறித்த வட்டப் பெட்டியை உருவாக்கினார். மாத்திரையை நாள்காட்டியோடு சேர்த்துவிட்டால் 'இன்றைக்குப் போட்டேனா?' என்ற கேள்விக்குப் பெட்டியே பதில் சொல்லிவிடும். இதைவிட எளிய, நம்பகமான பதிலை எந்த மென்பொருளும் தந்ததில்லை. அதனால் குழப்பமும் இரட்டை மாத்திரையும் பெருமளவு தீரும். தீராதது மறதி. பெட்டி கூப்பிடாது. தவறினால் வேறு யாருக்கும் தெரியவும் வராது.

மிஸ்டு கால் வழி நம் நாட்டில் பெரிய அளவில் பயன்பட்டது. 99டாட்ஸ் என்ற பெயரில் காசநோய் மாத்திரை அட்டைக்கு ஒரு காகித உறை போட்டார்கள். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்குக் கட்டணமில்லாமல் அழைத்தால் அன்றைய மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும். கருவி எதுவும் வேண்டாம், சாதாரண பட்டன் போன் போதும் என்பதால் மிக மலிவு. ஆனால் சென்னை உள்ளிட்ட இடங்களில் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டபோது அழைப்புப் பதிவு அவ்வளவு துல்லியமாக இல்லை. மாத்திரை சாப்பிட்டவர்களே அழைக்காமல் விட்டிருந்தார்கள். நோயாளியின் மேல் இன்னொரு வேலையைச் சுமத்தும் எந்த வடிவத்துக்கும் இந்தப் பலவீனம் உண்டு. 'எடுத்ததும் இந்தப் பொத்தானை அழுத்தவும்' என்று பெட்டியில் பட்டன் வைக்கத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மருந்து எடுத்தாரா என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு இருக்கிறது. காசநோயாளிகளை மருத்துவமனையில் வைக்காமல் வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா என்ற ஆய்வு 1956-இல் சென்னையில் தொடங்கியது. அப்போது பணியாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீர் மாதிரியும் எடுத்தார்கள். அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மாத்திரை பெட்டியை விட்டு வெளியே வந்தது வேறு, வயிற்றுக்குள் போனது வேறு என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

இனி நான் பரிந்துரைக்கும் வழி. அதே வாரப் பெட்டி, ஒவ்வொரு மூடியிலும் சிறு காந்தம், கீழே ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் இருக்கிறதா என்று அறியும் சுவிட்ச்), அறைக்கு ஒரு சிறு விளக்கு. 28 மூடிகளின் சுவிட்சுகளையும், ஒவ்வொன்றும் 16 இணைப்புகள் தரும் எம்சிபி23017 சிப்புகள் இரண்டு பார்த்துக்கொள்ளும். எந்த அறை திறந்தது என்று பெட்டிக்குத் தானாகவே தெரியும், பெரியவர் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மறதிக்கு ஒலி, குழப்பத்துக்கு ஒளி, இரட்டை மாத்திரைக்குக் காலி அறை. மூன்றும் ஒரே பெட்டியில் கிடைத்துவிடுகின்றன.

இதில் கவனம் போக வேண்டிய முதல் இடம் நேரம். நம் மருத்துவர்கள் சீட்டில் 1-0-1 என்றுதான் எழுதுகிறார்கள், கூடவே சாப்பாட்டுக்கு முன் அல்லது பின். கடிகார மணியை யாரும் எழுதுவதில்லை. என் பெரியம்மாவிடம் எட்டு மணிக்கு அலாரம் அடித்தால் "இன்னும் டிபனே ஆகலையே" என்பார். அதில் நியாயமும் இருக்கிறது. கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தைராக்சினுக்கோ நேர்மாறு: வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் மணியைத் துல்லியமாக அடிப்பதைவிட, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு இடைவெளி வைப்பதுதான் சரி. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் எப்போது திறந்தாலும் பெட்டி வாயே திறக்கக் கூடாது. தானாக நினைவு வைத்து எடுப்பவரைக் கருவி தொந்தரவு செய்தால், இரண்டே வாரத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

விதிவிலக்கு பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா. அதற்கு நேரம் பிசகினால் உடல் விறைத்து நடமாட்டமே சிரமமாகும். அப்படிப்பட்டவருக்கு இடைவெளி சில நிமிடங்கள்தான் இருக்க வேண்டும், அறைகளும் நாளைக்கு நான்குக்கு மேல் தேவைப்படலாம்.

அடுத்தது ஒலி. கடையில் கிடைக்கும் சின்ன பஸ்ஸர் இரண்டாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் கீச்சிடும். வயதாகும்போது காது முதலில் இழப்பது அந்த உயர்ந்த சுருதிகளைத்தான். அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதிகள் படுக்கையறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியைக் கேட்கின்றன. தூக்கத்திலும், காது மந்தமானவர்களிடமும் அது நன்றாக எடுபடுகிறது. பஸ்ஸருக்குப் பதில் ஒலிப்பதிவுகளை இயக்கும் டிஎஃப்பிளேயர் மினி போர்டும் ஒரு சிறு ஸ்பீக்கரும் வைத்தால், மெமரி கார்டில் பேரப்பிள்ளையின் குரலையே பதிந்து வைக்கலாம்: "பாட்டி, சாப்பிட்டாச்சா? பச்சை லைட் எரியுற அறையைத் திறங்க." கீச்சொலிக்குக் காரணம் புரியாமல் திகைக்கும் பெரியவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவோ மேல். விளக்கில் நீலம் வேண்டாம். வயதான கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடுவதால் நீலம் மங்கலாகத் தெரியும்.

பிறகு மாத்திரையின் நலம். நம் ஊரில் மாத்திரைகள் அட்டையில்தான் வருகின்றன. பிதுக்கி எடுத்து அறையில் போட்டால் கடலோர ஊர்க் காற்றின் ஈரம் ஏறிவிடும். வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகாட்ரானை அதன் சொந்த உறையை விட்டு எடுத்து வைக்கவே கூடாது. அதனால் அறைகளைப் பெரிதாக வையுங்கள். அட்டையைக் கத்தரித்து, உறையோடேயே ஒவ்வொரு மாத்திரையையும் போடும் அளவுக்கு இடம் இருக்கட்டும். வெட்டிய மூலைகளை மறக்காமல் மழுக்கிவிடுங்கள். உறையோடு விழுங்கினால் உணவுக்குழாயைக் கிழித்துவிடும். கண்ணும் நினைவும் மங்கியவராக இருந்தால், அன்றன்றைக்கு யாராவது பிரித்துக் கொடுப்பதே நல்லது.

மின்னணுப் பக்கம் சுருக்கமாக. கடிகாரத்துக்கு டிஎஸ்3231 சிப் போடுங்கள், ஆண்டுக்கு ஓரிரு நிமிடத்துக்குள்தான் பிசகும். அதன் முன்னோடியான டிஎஸ்1307 மாதத்திலேயே ஒரு நிமிடம் தள்ளிப்போகக்கூடும். கரண்ட் போனாலும் நேரம் தொலையாமல் இருக்க நாணய பேட்டரி இருக்க வேண்டும். பெட்டியின் மூளையாக வைக்கும் வைஃபை சிப்பான இஎஸ்பி32, வேலை இல்லாதபோது போகும் ஆழ்ந்த உறக்கத்தில் பத்து மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும் என்பது சிப்புக்கான கணக்கு. போர்டில் இருக்கும் சிவப்பு எல்ஈடியும் யுஎஸ்பி சிப்பும் அதைவிடப் பலமடங்கு குடித்துவிடும், அவற்றைக் கழற்றிய பிறகே பேட்டரிக் கணக்கைப் போடுங்கள். வைஃபை இல்லாத வீட்டுக்கு சிம் மாட்யூல் தேவைப்படும். மலிவு என்று சிம்800எல் வாங்கினால் அது 2ஜி மட்டும்தான், ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் சின்ன பேட்டரியில் பெட்டியே ரீசெட் ஆகிவிடும். 4ஜி மாட்யூலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடுவது நல்லது. எதுவானாலும் நெட்வொர்க் இல்லாத நாளிலும் ஒலியும் ஒளியும் வேலை செய்ய வேண்டும். இணையம் அறுந்ததும் ஊமையாகும் மருந்துப் பெட்டியை நான் யாருக்கும் தரமாட்டேன்.

செய்தி அனுப்புவதிலும் அளவு வேண்டும். மூடி திறக்கும்போதெல்லாம் மகளுக்கு மெசேஜ் போனால், ஒரு வாரத்தில் அவர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். இடைவெளி முடிந்தும் திறக்காதபோது மட்டும் ஒன்று போகட்டும். கென்யாவில் எச்ஐவி நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற பொருளில் "மாம்போ?" என்று மட்டும் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். நலம் என்றோ, சிக்கல் என்றோ பதில் வரும். சிக்கல் என்றால் செவிலியர் கூப்பிடுவார். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் மருந்து எடுப்பது உண்மையாகவே மேம்பட்டது. மாத்திரையைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. மகள் கூப்பிடும்போதும் "ஏன் போடலை?" என்று தொடங்காமல் "சாப்டீங்களாம்மா?" என்று தொடங்கினால் எவ்வளவோ தெரியவரும். தலைசுற்றுகிறது என்பதும் அப்போதுதான் வெளிவரும்.

இப்போது மோட்டார் வைத்த தானியங்கிப் பெட்டி. இது கட்டாயம் தேவைப்படும் ஒரு வீடு உண்டு: நினைவாற்றல் குறைந்து, போட்டதை மறந்து மறுபடி போடுபவர் இருக்கும் வீடு. அங்கே திறந்த வாரப் பெட்டி ஆபத்து, ஒரே நாளில் மூன்று நாள் மாத்திரையும் காலியாகலாம். பூட்டு வேண்டும், அந்த வேளைக்குரியது மட்டும்தான் வெளியே வர வேண்டும்.

அப்படியானாலும் எந்த வகைத் தானியங்கி என்பது முக்கியம். மாணவர்கள் பெரும்பாலும் செய்வது, மருந்துக்கு ஒரு குழாய் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாத்திரையை சர்வோ மோட்டாரால் விழவைப்பது. வட்டம், நீள்வட்டம், கேப்சூல், பாதியாக உடைத்தது என்று மாத்திரைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று சிக்கும், சில நேரம் இரண்டு சேர்ந்து விழும். பிரஷர் மாத்திரை இரண்டு விழுந்தால் அது விளையாட்டில்லை. 28 அறை கொண்ட வட்டத் தட்டு, அதன் மேல் பூட்டிய மூடி, ஒரே ஒரு திறப்பு, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு அறை நகர்வது என்ற வடிவம் இதைவிடப் பாதுகாப்பானது. வெளிநாட்டுச் சந்தையில் இப்படிப்பட்ட பெட்டிகள் நெடுநாளாக இருக்கின்றன. எண்ணி வைப்பதை மனிதர் செய்கிறார், நகர்த்துவதை மட்டும் மோட்டார் செய்கிறது. படிப்படியாகச் சுற்றும் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டார் போதும், ஆனால் அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. தட்டில் ஒரு காந்தமும், அதை உணரும் ஹால் சென்சாரும் வைத்து, தொடக்க இடத்தைச் சரிபார்க்க வைக்காவிட்டால், கரண்ட் போய் வந்த பிறகு செவ்வாய்க்கிழமைக்குப் புதன்கிழமை வரும். எடுக்காமல் விட்ட அறை அடுத்த வேளைக்கு முன் உள்ளே போய்விட வேண்டும், இரண்டு வேளையும் சேர்ந்து கைக்கு வரக் கூடாது. இவ்வளவும் சரியாக அமைய, மூடி சென்சார் பெட்டியைவிடப் பல மடங்கு உழைப்பும் சோதனையும் ஆகும்.

விழுங்கியதையே அறியும் வழியும் முயலப்பட்டது. மணல் துகள் அளவு சென்சார் வைத்த மனநோய் மாத்திரைக்கு அமெரிக்கா 2017 நவம்பரில் அனுமதி கொடுத்தது. சென்சார் செய்த புரோட்டியஸ் நிறுவனம் 2020-இல் திவால் மனு போட்டது. வீட்டில் செய்யும் விஷயம் இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

எந்த வடிவமானாலும் ஒரு விஷயத்தை நிரலில் எழுதக் கூடாது. தவறிய மாத்திரையை 'இப்போது போடுங்கள்' என்று பெட்டி சொல்லக் கூடாது. சிலவற்றைத் தாமதமாகப் போடலாம், சிலவற்றை அடுத்த வேளைக்கு விட்டுவிடத்தான் வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தவறிப்போய் தினசரி அறைகளில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட மாத்திரையை இந்தப் பெட்டியிலேயே வைக்காமல் தனியாக வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மருத்துவரிடம் போகும்போது, மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இதய நோய்க்கான மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்து இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 2,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. தனித்தனியாக எடுத்தவர்களில் 65 சதவீதம் பேர் ஒழுங்காகத் தொடர்ந்தார்கள், ஒரே மாத்திரையாக எடுத்தவர்களில் 86 சதவீதம். நான்கு வேளை இரண்டு வேளையானால் பெட்டியும் பாதியாகச் சுருங்கும்.

செய்யத் தீர்மானித்தவர்கள் முதலில் சாதாரண வாரப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். ஞாயிறன்று யார் நிரப்புகிறார், எந்த வேளை மீந்துபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மதிய அறை மட்டும் மீந்தால், மதியத்துக்கு மட்டும் குரல் வைத்தால் போதும். ஒன்றுமே மீதமாகாவிட்டால் கருவியே தேவையில்லை. நிரப்ப ஆள் இல்லை என்று தெரிந்தால், முதலில் அதற்கு வழி பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, மருந்துக்கடைக்காரரோ, வாரம் ஒருமுறை வரும் உறவினரோ யாராவது ஒருவர் அந்த வேலையை ஒப்புக்கொண்ட பிறகு ரீட் சுவிட்ச் வாங்கலாம். மூடி திறப்பது பிள்ளைகளுக்குத் தெரியப்போகிறது என்பதைப் பெரியவரிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே சிம்மைப் போடுங்கள்.